மதினி கொண்டுவந்த படகு மோட்டார்

போடி ரயில் நிலையத்தில் மதினி வந்து இறங்கிய காலை நேரம் இன்றைக்கும் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. பூப்போட்ட கம்பளியில் சுற்றிக் கயிறு கட்டிய எதையோ அவரும் ஒரு சுமைக்காரருமாகப் பெட்டியிலிருந்து பத்திரமாக இறக்கினார்கள். முக்காடு போட்டுப் படுத்திருக்கும் நோயாளிப் பிள்ளை மாதிரி அது இருந்தது. நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். "புள்ளைக்கு என்னம்மா செய்யுது?" என்று ஒரு பெரியவர் கேட்டார். மதினி கம்பளியின் ஓரத்தை விலக்கிக் காட்டினார். உள்ளே துருவேறிய இரும்புத் தலையும் அதன் கீழே நீண்ட தண்டும் மூன்று இதழ் விசிறியும் இருந்தன. "படகு மோட்டாரு அப்பு" என்றார். கேட்டவர் ஒன்றும் புரியாமல் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் தரையைப் பார்த்தார்.

அவர் என் கணவரின் ஒரே அக்கா. யுத்தத்துக்கு முன்பே மலாயாவில் இருந்த மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மாப்பிள்ளை அங்கே ஒரு துறைமுகத்தில் லாஞ்சு என்கிற மோட்டார்ப் படகு ஓட்டுகிறவர். எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கணவரை இழந்து, பிள்ளை குட்டி இல்லாமல், கப்பலேறித் தம்பி வீட்டுக்கு வந்த அந்த அம்மாளை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அழுது வீங்கிய முகத்தை எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவரோ வண்டியில் ஏறியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டுல தண்ணித்தொட்டி ஆழமா இருக்குமா புள்ள?" என்று கேட்டார்.

பழைய படகு மோட்டார்களைப் பிரித்துப் பூட்டுவது மலாயாவில் அவர்கள் இருவருக்கும் பொழுதுபோக்காக இருந்திருக்கிறது. ஓடாது என்று துரைமார்கள் தூக்கிப்போட்டதை மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவருவாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் பின்கட்டில் சாக்கை விரித்துப் போட்டு உட்காருவார்கள். முதலில் திருகாணிகளைக் கிண்ணத்தில் பொறுக்கிப் போடுகிற வேலைதான் மதினிக்கு. பிறகு அவரே பிரிக்கவும் பூட்டவும் பழகிக்கொண்டார். ஒரு மோட்டார் உயிர் பெற்றுவிட்டால் அதைச் சின்னப் படகில் மாட்டிக் கடலோரமாகப் போய்த் தூண்டில் போடுவார்கள். பிடித்த மீனை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்படிப் பாதி பிரித்துப் போட்டிருந்த ஒரு மோட்டாரை விட்டுவிட்டுத்தான் மாப்பிள்ளை காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். பாத்திரம் பண்டமெல்லாம் அங்கேயே கொடுத்துவிட்டு, அந்த மோட்டாரையும், இரண்டு தூண்டில் கம்புகளையும், தூண்டில் நரம்பு சுற்றிய பித்தளைச் சுருள் ஒன்றையும் மட்டும் மதினி எடுத்து வந்திருந்தார்.

போடியில் கடல் ஏது? கொட்டகுடி ஆறு மழை பெய்தால் புரண்டு வரும், மற்ற நாளில் மணலும் பாறையுமாகக் கிடக்கும். வந்த புதிதில் ஒருநாள் மதினி தூண்டிலை எடுத்துக்கொண்டு ராசிங்காபுரம் பக்கத்துக் கண்மாய்க்குப் போய்விட்டார். எங்கள் வயல் அங்கேதான் இருந்தது. புருஷனைப் பறிகொடுத்தவள் கரையில் நின்று மீன் பிடிக்கிறாள் என்ற பேச்சு அவர் வீடு திரும்புவதற்குள் வீடு வந்து சேர்ந்துவிட்டது. என் கணவர் கோபக்காரர் அல்ல. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே, "கண்மாய்ப் பக்கம் வேணாம்க்கா. வீட்டுக்குள்ள என்ன வேணாலும் செய்ங்க" என்றார். மதினி சரி என்றார். அதற்குப் பிறகு அவர் கண்மாய்க்குப் போகவே இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை தலை முழுகிய கையோடு அந்தப் பித்தளைச் சுருளுக்குத் தேங்காயெண்ணெய் தடவி, விரலால் சுற்றிவிட்டு, அது ஓசையில்லாமல் சுழல்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

மோட்டாருக்கு மாட்டுக் கொட்டத்தில் இடம் கிடைத்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து ஊரே கண்ணயரும் வேளையில் மதினி அங்கே போய்விடுவார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஒவ்வொரு துண்டாகத் துடைப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவேன். எது எங்கே போகும் என்று அவருக்கு எப்போதும் தெரிந்திருந்தது என்று சொல்ல மாட்டேன். பூட்டி முடித்த பிறகு கையில் ஒரு திருகாணி மிஞ்சும். "இது எங்கயிருந்து வந்துச்சு, பாவி?" என்று அதையே கேட்பார். மறுபடி முழுக்கப் பிரிப்பார். அதில் அவருக்குச் சலிப்பே கிடையாது. பிரிக்க ஒரு காரணம் கிடைத்ததே என்ற சந்தோஷம்தான் முகத்தில் தெரியும்.

முதல்முறை அது ஓடிய நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. காளைகள் தண்ணீர் குடிக்கிற கல்தொட்டியின் விளிம்பில் மரச்சட்டம் வைத்து மோட்டாரை மாட்டியிருந்தார். தலையில் இருக்கும் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி வெடுக்கென்று இழுக்க வேண்டும். இழுத்து இழுத்துக் கை ஓய்ந்து, கடைசியாக ஒருமுறை இழுத்தபோது, கொட்டமே அதிரும்படி அது கத்தியது. தொட்டித் தண்ணீர் முழுவதும் எங்கள் இருவர் மேலும் கூரை மேலும் தெறித்தது. காளைகள் முளையைப் பிடுங்கிக்கொண்டு தெருவில் ஓடின. என் கணவர் காளைகளைத் தேடி ஓடினார். நனைந்த கோழி மாதிரி நின்ற மதினி, மோட்டார் நின்ற பிறகும் கயிற்றை விடாமல், "கேட்டியா புள்ள? கேட்டியா?" என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஓடியதே தவிர நிலைத்து ஓடவில்லை. கொஞ்ச நேரத்தில் தொட முடியாதபடி சூடாகி நின்றுவிடும். உள்ளே தண்ணீரை இழுத்து மோட்டாரைக் குளிரவைக்கிற ரப்பர் சக்கரம் ஒன்று காய்ந்து நொறுங்கிப் போயிருந்தது. பழைய செருப்பை அறுத்து, சைக்கிள் டயரை அறுத்து, மதினி விதவிதமாகச் செய்து பார்த்தார். ஒன்றும் நிற்கவில்லை.

மதினி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்த அந்தச் சமயத்தில்தான் எஸ்டேட் மானேஜர் வந்தார். போடிமெட்டுக்கு மேலே எங்களுக்குக் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம் இருந்தது. அடுத்திருந்த பெரிய எஸ்டேட்டின் கூடத்தில்தான் காயை உலர்த்துவோம். அந்த எஸ்டேட்டின் மானேஜர் ஒரு மலையாளி, ஆலப்புழைக்காரர், ஐம்பது வயது இருக்கும். உலர்த்துகிற விஷயமாக என் கணவரிடம் பேச வந்தவர், பேச்சின் நடுவே கொட்டத்திலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு எழுந்தே விட்டார். "இது போட் மோட்டார் அல்லே?" என்று நேரே பின்பக்கம் போனார். அவருக்கும் அதே பைத்தியம்தான். காயல் என்கிற உப்பங்கழிக் கரையில் பிறந்து வளர்ந்தவர், மலையில் வந்து மாட்டிக்கொண்டதாகச் சொல்வார். அன்றைக்கு ஏலக்காய்ப் பேச்சு அத்தோடு நின்றது. அடுத்த முறை ஊருக்குப் போய்த் திரும்பியபோது, காகிதத்தில் சுற்றிய புது ரப்பர் சக்கரம் ஒன்றைக் கொண்டுவந்து மதினியிடம் நீட்டினார். தங்க வளையலை வாங்குகிற மாதிரி மதினி அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

மானேஜர் அதைக் கொண்டுவந்ததில் ஒரு காரியமும் இருந்தது. மலையில் புதிதாக அணை கட்டித் தண்ணீர் தேக்கியிருந்தார்கள். எஸ்டேட்டின் கூலிக்காரர்கள் குடியிருந்த லயங்கள் ஒரு கரையிலும் ரோடு மறுகரையிலுமாக ஆகிவிட்டன. நடுவே இருந்த பாதை தண்ணீருக்குள் போய்விட்டது. துடுப்புப் படகு ஒன்று உண்டு, ஆனால் தென்மேற்குக் காற்று எழும்பிவிட்டால் துடுப்பு போட முடியாது. பிரசவ வலி வந்தவளை மலையைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அப்படி முடிந்தும் இருக்கிறது. "ஒரு மோட்டார் உண்டெங்கில் சுகம்" என்றார் மானேஜர்.

மாசியில் ஒரு நாள் எஸ்டேட் ஜீப்பில் நாங்கள் மூவரும் மோட்டாரோடு மலையேறினோம். கொண்டைஊசி வளைவுகள் முழுக்க மதினி அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். ஏரி தெரிந்ததும் பிடியைத் தளர்த்தி எட்டிப் பார்த்தார். மலைக்கு நடுவே அவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று நானும் நினைக்கவில்லை. படகின் பின்பலகையில் மோட்டாரை மாட்டினார்கள். மதினி ஒரு முழங்காலைப் படகின் அடிப்பலகையில் ஊன்றி, உடம்பைத் தாழ்த்திக்கொண்டு கயிற்றை இழுத்தார். இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. கரை எங்களை விட்டு நழுவியது. முக்காடு காற்றில் பறந்ததை அவர் பிடிக்கவே இல்லை. ஒரு கை மோட்டாரின் பிடியில், முகம் காற்றுக்கு எதிரே. திடீரென்று வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் வீட்டுக்கு வந்த இத்தனை காலத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதே இல்லை. அக்கரையில் லயத்துச் சனங்கள் திரண்டு நின்று கை தட்டினார்கள்.

மதினியை மானேஜர் சேச்சி என்பார், அக்கா மாதிரி. திரும்பி வந்ததும் அவர் என் கணவரைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். "சேச்சி இவிட வந்து இருக்கட்டே? வீடு தராம். ஆண்பிள்ளைகள் துணைக்கு நிற்பார்கள். மோட்டார் சேச்சியின் பொறுப்பு." என் கணவர் வழியெல்லாம் ஜீப்புக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். மாட்டேன் என்று சொல்லத்தான் சொல் தேடுகிறார் என்று நான் பயந்தேன். என் கணவருக்குப் பெரியப்பா ஒருவர் இருந்தார். அவர் காதுக்கு எட்டியதும், "தாலியறுத்தவ மலையில போயிப் படகு ஓட்டவா? வெளிய தலைகாட்ட முடியுமாடா?" என்று வீடு தேடி வந்து சத்தம் போட்டார். என் கணவர் அவர் பேசி முடிக்கும் வரை கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்கக்கா அன்னைக்கு ஏரியில சிரிச்சுச்சு பெரியப்பா. அத நான் பார்த்தேன். போகட்டும்." அவரோடு நான் வாழ்ந்த காலத்தில் அந்த ஒரு பேச்சுக்காகவே அவரை எத்தனையோ முறை மன்னித்திருக்கிறேன்.

வைகாசி பிறந்ததும் போவதாக முடிவாயிற்று. மதினி தகரப் பெட்டியை அடுக்க ஆரம்பித்தார். அதற்குள் நான் மாசமாக இருப்பது தெரிந்தது. அதற்கு முன்பு இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. பங்குனிக் கடைசியில் ஒருநாள் எனக்கு உதிரம் கண்டது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா பார்த்துவிட்டு, பிள்ளை பிறக்கும் வரை கட்டிலை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். எனக்குத் தாய் இல்லை. கூடப் பிறந்தவர்களும் இல்லை.

மதினி எதுவும் பேசாமல் பெட்டியிலிருந்து சேலைகளை எடுத்துக் கொடியில் போட்டார். நான் அழுதேன். "நீங்க போங்க மதினி. நான் யாரையாச்சும் வச்சுப் பாத்துக்கிறேன்" என்றேன்.

"ஏரி எங்க போயிரப் போகுது தாயி? தண்ணி அங்கனயேதான் கெடக்கும். நீ மொதல்ல புள்ளையப் பெத்து எந்திரி" என்றார்.

ஆனால் மழை காத்திருக்காதே. மோட்டாரை மட்டும் முன்னால் அனுப்பிவிடலாம் என்று மதினியே சொன்னார். "உங்க பொருளு, நீங்க போறப்பக் கொண்டு போங்க" என்றார் என் கணவர். "அக்கரையில இருக்கவுகளுக்கு வலி வந்தா, நான் வர்ற வரைக்கும் நிப்பாட்டி வைக்கவா முடியும்?" என்று கேட்டார் மதினி.

மோட்டாரை எடுத்துப் போக எஸ்டேட்டிலிருந்து துடுப்புக்காரரே வந்தார். பூர்வீகம் போடிக்குப் பக்கத்து ஊரான தேவாரம். முப்பது வயது, ஒல்லியான, கலகலப்பான மனிதர். ஒரு பகல் முழுவதும் கொட்டத்தில் மதினி அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். உள்ளறையில் படுத்தபடி நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பெட்ரோலில் எவ்வளவு எண்ணெய் கலப்பது, பிளக்கை எப்படிக் கழற்றித் துடைப்பது, சூடானால் என்ன செய்வது என்று மதினியின் குரல். "இன்னொருக்க இழுக்கட்டாக்கா?" என்று அவர் குரல். தொட்டியில் தண்ணீர் சீறுகிற சத்தம். பிறகு இருவரும் சிரிப்பது. சாயங்காலம் ஜீப்பில் மோட்டார் ஏறியபோது அவர் வாசலில் நின்று உரக்கச் சொன்னது என் அறை வரைக்கும் கேட்டது: "நீங்க வெரசா வாங்கக்கா. அதுவரைக்கும் ஒங்க புள்ளைய நான் பாத்துக்கிறேன்."

ஆவணியில் எனக்குப் பெண் பிறந்தாள். கஷ்டமான பிரசவம். இரண்டு உயிரும் தப்பியது மதினியின் கையால்தான் என்று டாக்டரம்மாவே சொன்னார். பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற நாளில் வீடு நிறையச் சனம். அன்றைக்கு வாசலில் எஸ்டேட் ஜீப் வந்து நின்றது. மானேஜர் உள்ளே வரவில்லை. பந்தலைப் பார்த்துவிட்டுத் தெருவிலேயே நின்றார். என் கணவர் இறங்கிப் போனார். மதினி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார். தெருவில் அவர்கள் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. ஆனால் என் கணவர் தலையில் கை வைத்ததைப் பார்த்ததும் மதினி பிள்ளையை என் மடியில் கிடத்திவிட்டார்.

ஏரியின் நடுவில் மோட்டார் நின்றிருக்கிறது. மறுபடி கிளப்புவதற்காகத் தேவாரத்துக்காரர் எழுந்து நின்று கயிற்றை இழுத்திருக்கிறார். காற்றில் படகு சாய, பின்புறமாகத் தண்ணீருக்குள் விழுந்துவிட்டார். படகில் இருந்த இரண்டு பெண்களும் கூச்சல் போட்டிருக்கிறார்கள். நீச்சல் தெரிந்தவர் யாரும் இல்லை. பெண்களோடு படகு கரையொதுங்கியது. அவரை மறுநாள்தான் எடுத்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மானேஜர் மீண்டும் வந்தார். சேச்சிக்கு இடம் அப்படியே இருக்கிறது, இனிமேலாவது வர வேண்டும் என்றார். மதினி, "வேணாங்கய்யா" என்று மட்டும் சொன்னார். மோட்டாரை என்ன செய்வது என்று கேட்டதற்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அது எஸ்டேட் கூடத்தில் கிடந்ததாகக் கேள்வி.

அந்த வருஷம் ஐப்பசியில், கையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக ஒரு பெண் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். தேவாரத்துக்காரரின் மனைவி. லயத்தை விட்டுவிட்டு மாமியார் ஊருக்குப் போகிற வழியில் இறங்கியிருக்கிறாள். மதினி அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அவள் குடிக்கவில்லை. செம்பைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேட்டாள்:

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்த்தா. அந்தக் கயித்த நிண்டுக்கிட்டேதான் இழுக்கணுமா?"

மதினி அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"இல்ல தாயி" என்றார் பிறகு. "முட்டி போட்டுத்தான் இழுக்கணும். இங்க தரையில, தொட்டிக்குப் பக்கத்துல நிண்டுக்கிட்டுத்தான் சொல்லிக் குடுத்தேன். படகுல முட்டி போட்டு இழுக்கணும்னு சொன்னேனான்னு தெனமும் யோசிக்கிறேன். ஞாபகமில்ல. சொல்லியிருக்க மாட்டேன்னுதான் தோணுது. கூடவே வந்திருந்தா, கண்ணுல பட்டிருக்கும். சொல்லியிருப்பேன்."

அந்தப் பெண் வெகுநேரம் தன் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். "நீங்க சொல்லியிருந்தாலும் அவுக நிண்டுதான் இழுத்திருப்பாக" என்றாள். "சோறு திங்கக்கூட உக்கார மாட்டாக அந்த மனுசன்." அது நிஜமா, மதினிக்காகச் சொன்னதா, எனக்குத் தெரியவில்லை. மதினி அதை ஏற்றுக்கொள்ளவில்லை என்பது மட்டும் தெரிந்தது. அவளுக்குச் சோறு போட்டு, பிள்ளைக்குச் சட்டை எடுத்துக் கொடுத்து, மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு போய்த் தேவாரம் பஸ்சில் ஏற்றிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு மதினி எந்த இயந்திரத்தையும் தொடவில்லை. ராசிங்காபுரம் வயலில் என் கணவர் ஆயில் என்ஜின் வைத்தார். ஒருநாள் அது நின்று, பயிர் வாட ஆரம்பித்தபோது, "கொஞ்சம் வந்து பாருங்கக்கா" என்று கூப்பிட்டார். ஊரில் அப்போது யாரும் எதுவும் சொல்லியிருக்கப் போவதில்லை. காலம் மாறியிருந்தது. "எனக்கு எல்லாம் மறந்து போச்சு அப்பு" என்றார் மதினி. அவருக்கு மறக்கவில்லை. மெக்கானிக் வந்து என்ஜினைப் பிரித்தபோது வயலில் நானும் இருந்தேன். வரப்பில் திரும்பி உட்கார்ந்து புல் கிள்ளிக்கொண்டிருந்த மதினியின் விரல்கள், அவன் எதைக் கழற்றப் போகிறானோ அதற்கு முன்பாகவே அசைந்ததை நான் பார்த்தேன்.

ஒரே ஒரு முறை நான் அவரிடம் கேட்டிருக்கிறேன். மகள் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த நேரம். "அன்னைக்கு நீங்க போயிருக்கணும் மதினி" என்றேன். "போயிருந்தா தேவாரத்துக்காரன் இருந்திருப்பான், ஒன் மக இருந்திருக்க மாட்டா. எதுக்குன்னு நான் வருத்தப்பட?" என்றார். கொஞ்சம் கழித்து, "இந்தக் கதையெல்லாம் அந்தப் புள்ள காதுல போட்றாத. அது தலையில இத ஏத்தக் கூடாது" என்றார். நான் சரி என்றேன். அவர் இருந்த வரை அந்தச் சொல்லைக் காப்பாற்றினேன். என் மகளுக்கு அத்தை என்றால் தலை பின்னிவிடுகிறவர், காய்ச்சலுக்குக் கஷாயம் வைக்கிறவர், மலைப்பக்கம் மட்டும் ஏனோ வர மறுக்கிறவர், அவ்வளவுதான்.

மதினி போய்ச் சேர்ந்த வருஷம், மகள் தன் பிள்ளைகளோடு வந்திருந்தாள். அவளுக்கு அப்போது மதினி ரயிலிலிருந்து இறங்கிய வயது. எல்லோரும் தூங்கிய ஒரு மத்தியானத்தில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஏரியில் கேட்ட சிரிப்பையும் சொன்னேன். முடித்ததும், "அப்ப நான் வயித்துல இல்லேன்னா அத்தை போயிருப்பாகளாம்மா?" என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "போயிருப்பாக" என்றேன்.

அவள் எழுந்து கொட்டத்துப் பக்கம் போனாள். மாடுகளை விற்று வெகுகாலம் ஆகியிருந்தது. அங்கே அவள் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "அவுக எப்படிச் சிரிச்சாகன்னு இன்னொரு தடவ சொல்லும்மா" என்றாள். என்னால் முடிந்தவரை சொல்லிப் பார்த்தேன். சரியாகச் சொல்ல வரவில்லை.